கேள்விக்குக் கீழே ஒரு கோடு

தண்டையார்பேட்டையில் உமைமாவின் டைப்பிங் கடைக்கு வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்ப்பார்கள். பேரில் ஒரு எழுத்து தப்பு என்பார்கள், திருத்தியதும் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. அம்மா மவுத்தான பிறகு வீட்டில் அவளும் ஒரு மின்விசிறியும்தான். பல நாள் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பும். தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட அவளுக்கு ஆள் கிடையாது.

ரம்ஜான் முடிந்த வாரம் லோகநாதன் வந்தார். வியாசர்பாடிக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் ரமாபாய் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது, என் மூஞ்சியில் முழிக்காதே என்று கத்தியவர். அவளும் சொல் தட்டாத பிள்ளை. ஓசூரில் இருந்துகொண்டு மூன்று வருடமாக முழிக்கவில்லை. போனும் எடுப்பதில்லை.

"கேள்வியா டைப் பண்ணு பாயம்மா. ஒவ்வொரு கேள்விக்குக் கீயயும் ஒரு கோடு போடு. பரிட்சையில ஒரு கேள்வியக்கூட வுட்டதில்ல எம்பொண்ணு. கோடு காலியா கீதுன்னா அவளுக்கு மனசு கேக்காது, எய்திடுவா."

நாலே கேள்விகள். நல்லா இருக்கியா? உன்ன யாரு பாத்துக்கிறாங்க? சாப்டியா? அப்பா மேல இன்னும் கோவமா?

உமைமா அடிக்கோட்டு விசையை வரிசையாகத் தட்டிக் கோடு போட்டாள். எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னார். பெரிசாக்கியதும் கோடுகளும் நீண்டு, மிச்சம் அடுத்த வரியில் துண்டு துண்டாக விழுந்தது. பார்க்காமல் பிரின்ட் கொடுத்துவிட்டாள். அப்புறம் அந்தக் கோடுகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கடியிலும் அதே விசையில் மூன்றே தட்டு, ஒரு என்டர். பக்கத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தானாகவே நேர்க்கோடு ஓடியது. அந்தத் தாளோடு லோகநாதன் தபாலாபீசுக்குப் போனார்.

கெட்டுப்போன தாள் மேசையிலேயே கிடந்தது. காலிக் கோடுகளைப் பார்த்து உமைமாவுக்கும் மனசு கேட்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

நாற்பது நாள் கழித்து லோகநாதன் மறுபடி வந்தார். "பதில் வரல பாயம்மா. தபால்ல தொலஞ்சிருக்கும். இன்னொண்ணு எட்துக் குடு."

அவள் பிரின்டர் பக்கம் திரும்பிய நேரத்தில், ஸ்டேப்ளருக்கு அடியில் இருந்த தாள் அவர் கண்ணில் பட்டது. அவருடைய கேள்விகள். கீழே நீல மையில் பதில்கள்.

"எய்திட்டாளா! இங்கயா அனுப்ச்சா?"

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க உமைமாவுக்குப் பயமாக இருந்தது. "இல்லண்ணே. அது நான் எய்துனது. சும்மா."

ஆனாலும் அவர் தாளைக் கீழே வைக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். இருக்கேன். யாருமில்ல. இன்னும் இல்ல. கோபத்தைப் பற்றிய கடைசிக் கோட்டை மட்டும் அவள் தொடவில்லை; அது ரமாபாய்க்கானது.

மணி மூன்றேகால் ஆகியிருந்தது.

"இன்னிக்கி சாப்டியா?" என்றார்.

உமைமா டிபன் பாக்ஸைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தொறந்து சாப்டு பாயம்மா. நான் இங்கயே குந்திகினு கீறேன்."

அவள் திறந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, புதுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, மகள் எழுத வேண்டிய நான்கு கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.