மிச்சிகனுக்குப் போன மலைப்பாம்பு

வெர்லின் ஸ்டாம்பரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் ஆள் கிடைக்காது. நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் அவனோடு ஒரே ஷிப்டில் கிடந்தவன் நான். நானே சொல்ல மாட்டேன். மொடாக்குடியன். பெண்டாட்டியைப் புதைத்த அன்றுகூடக் கல்லறையில் நிற்க முடியாமல் விழுந்தான். மறுவாரமே மகள் ஷெல்பி ஒற்றைப் பையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பஸ்ஸில் பாம்பை ஏற்ற மாட்டார்கள். பிஸ்கட் இவன் தலையில் விழுந்தது அப்படித்தான்.

பிஸ்கட் அவள் வளர்த்த மலைப்பாம்பு. நாலடி இருக்கும். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே தவிர யாரையும் கடித்ததில்லை. முதலில் அதைப் பட்டினி போட்டே கொன்றுவிடுகிறேன் என்று என்னிடம் கறுவினான். கொல்லவில்லை. அந்தக் கோடையிலேயே குடியையும் விட்டான். பதினோரு வருடம், உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியால் ஊட்டினான். மாதாமாதம் பாம்பை நிறுத்து எடையை மகளுக்கு, அவள் பழைய சிநேகிதி ஒருத்தி மூலமாக, எழுதி அனுப்பினான். ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை.

போன பிப்ரவரியில் திடீரென்று செய்தி வந்தது. மிச்சிகனில் இருக்கிறாளாம். ஆறு வயதில் பெண்குழந்தை இருக்கிறதாம், பாம்பு வேண்டுமாம். கொண்டுவந்து தர முடியுமா என்று இரண்டே வரி.

"எல்வுட், பேத்தியப் பாக்கப் போறேண்டா!" என்று ஓடிவந்தான்.

"பாம்பத்தான கேட்டிருக்கா? உன்ன ஒண்ணும் கேக்கலையே," என்றேன். என் வாய் அப்படி.

"பாம்பு உள்ள போகணும்னா கதவத் தொறக்கணும்ல? நானும் கூடவே நொழஞ்சிடுவேன்."

அவனுக்குக் கண் சரியில்லை, நான்தான் ஓட்ட வேண்டும். தலையணை உறைக்குள் பாம்பை விட்டு வாயை முடிச்சுப் போட்டான். அதைத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி, பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டினான். வெளியே பனி. காருக்குள் ஹீட்டர் போட்டு எண்பது டிகிரி ஃபாரன்ஹீட், எங்கள் ஊர்க் கோடை.

"வேகுதுடா பாவி, கொஞ்சம் குறை."

"உனக்கு வேர்த்தா தொடச்சுக்கோ. அதுக்குக் குளிர்ந்தா செத்துப்போயிடும். வாய மூடிட்டு ஓட்டு."

சாப்பிடக்கூட இறங்கவில்லை. குளிரில் வண்டியை அணைத்துவிட்டுப் போனால் பாம்பு தாங்காதாம். ஒகாயோவில் பாதி தாண்டியதும் குடலைப் பிடுங்கும் நாற்றம். பாதி செரித்த எலியைக் கக்கியிருந்தது பிஸ்கட்.

"எப்படா ஊட்டின?"

"திங்கக்கிழம."

"இன்னிக்கு புதன்டா! பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே எரய நிறுத்தணும்னு எனக்கே பாடம் எடுத்தவன் நீ!"

"எடை குறைஞ்சிருந்துச்சு எல்வுட். மெலிஞ்சு தெரிஞ்சா, நான் பட்டினி போட்டேன்னு நெனப்பாளே," என்றான்.

வெறுங்கையால் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தான். பெட்டி காயும்வரை பாம்பைத் தன் சட்டைக்குள் விட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டான். பாம்பென்றால் எனக்கு நடுக்கம். சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். ஷெல்பியின் ஊரை நெருங்கும்போது புது உறையில் போட்டு மறுபடி கட்டினான்.

ஷெல்பி வாசலிலேயே பெட்டியைத் திறந்தாள். பாம்பைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "உன்ன நெனக்காத நாளே இல்லடா தங்கம்!" தன்னிடம் சொன்னது மாதிரி வெர்லின் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன நாத்தம் இது?" என்றாள் அவன் சட்டையைப் பார்த்து.

பொய் சொல்லியிருக்கலாம், மடையன். "வழியில கக்கிடுச்சும்மா. ரெண்டு நாள் முந்தி ஊட்டிட்டேன். இனி ரெண்டு வாரம் எதுவும் குடுக்காத. அப்புறமா சின்ன எலியாக் குடு."

அவள் முகம் மாறிவிட்டது. "வண்டியில ஏத்தப்போற பாம்புக்கு எர போடக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரே ஒரு வேல சொன்னேன். அன்னிக்கும் குடிச்சிருந்தீங்களா?"

"அடியே, பதினோரு வருஷமா அவன் அதைத் தொட்டதே..." என்று ஆரம்பித்தேன்.

"எல்வுட், சும்மா இரு," என்றான் வெர்லின். எதற்காக ஊட்டினான் என்பதை அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கதவு பாதி திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து அந்தக் குழந்தை எட்டிப் பார்த்தது. "இவரு யாரும்மா?"

ஷெல்பி அவனைப் பார்த்தாள், பாம்பைப் பார்த்தாள். "பாம்பக் கொண்டுவந்து குடுக்க வந்தவரு. தேங்க்ஸ் சொல்லு."

"தேங்க்ஸ் சார்."

வெர்லின் தொப்பியைக் கழற்றினான். "பரவாயில்லைங்க," என்றான், ஆறு வயசுப் பிள்ளையிடம்.

தப்பெல்லாம் அவன் பக்கம்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தக் கதவை எட்டி உதைக்க வேண்டும் போல் இருந்தது. அவள் சாத்தும்வரை நின்றிருந்துவிட்டு வெர்லின் வந்து காரில் ஏறினான்.