தங்கச்சியின் தோட்டத்தில் நான் போட்ட சுண்ணாம்பு

என் தங்கச்சியின் மிளகாய்த் தோட்டத்தைக் கெடுத்தது நான்தான். மழையும் இல்லை, பூச்சியும் இல்லை.

நெடுங்கேணியில் அவளுக்கு இருந்தது அந்தத் துண்டு நிலம் ஒன்றுதான். புருசன் இல்லாமல் அதை நம்பித்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். போன வருடம் இலைகள் மஞ்சளாகின. மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடுங்கள் என்று கைப்பேசி வீடியோவில் ஒருவன் சொன்னான். அவனுக்கு எங்கள் மண் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஆனாலும் இரண்டு மூட்டை வாங்கிவந்தேன்.

"அண்ணா, வருசக்கணக்கா நான் குசினி அடுப்புச் சாம்பல் கொட்டின மண். இதுக்குச் சுண்ணாம்பும் வேணுமோ? ஒருக்கா மண்ணைக் குடுத்துச் சோதிச்சுப் பாப்பம்," என்றாள்.

"நீ பெரிய விஞ்ஞானி. போய் உலையைப் பார்," என்றபடி இரண்டு மூட்டையையும் செடிகளின் அடியில் தூவினேன்.

ஒரு மாதத்தில் செடிகள் வெளிறி, பூ உதிர்ந்து, கருகின. அதற்குப் பிறகுதான் மண்ணை அள்ளிக்கொண்டு விவசாயக் கந்தோருக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் சோதித்துப் பார்த்தார்.

"ஐயா, இது புளிப்பு மண் இல்லை. சாம்பலாலை ஏற்கெனவே காரம் ஏறின மண். அதுக்கு மேலை சுண்ணாம்பும் போட்டால், நீங்கள் போடுற பசளையின்ரை சத்தைச் செடி எடுக்காது."

"எப்ப சரிவரும்?"

"சாணமும் இலைகுழையும் மண்ணுக்குள்ளை தாட்டுக்கொண்டு வாங்கோ. வருசங்கள் செல்லும்."

தங்கச்சி இப்போது விடியவே பிறர் வயலுக்குக் கூலிக்குப் போகிறாள். போகுமுன் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி, தோட்டத்தைத் தாண்டி, ஒழுங்கை முனையில் கொட்டுகிறாள்.

மண்ணைச் சோதிக்க அரை நாள் போனது. அவள் சொன்னதைக் கேட்க அதுகூடத் தேவைப்பட்டிருக்காது.