ஒன்று கூட்டிய கறுப்பு

என் மனைவியின் தங்கைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. நான் வைத்த பெயர் புள்ளி. இப்போது பெற்றவர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி, மூக்கு இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியாக விசாரிக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவளுக்கு வேலை போட்டோ ஸ்டுடியோவில். பாஸ்போர்ட் படங்களில் ஆளுக்குப் பின்னால் இருக்கும் கதவு, திரைச்சீலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளை வைக்க வேண்டும். சுருட்டை முடிக்காரர் வந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், இவளுக்குக் கொண்டாட்டம். ஒரு முடி விடாமல் ஓரம் வெட்டி, வெட்டியது தெரியாதபடி அந்த ஓரத்தை லேசாகக் குழைத்துவிடுவாள். அதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் பொழுதுபோக்கும் அதே கூத்துதான். விண்டோக்களின் தலைப்பட்டை, மூடும் பட்டன், சுருக்கும் பட்டன் என்று எல்லாவற்றுக்கும் சொந்தமாகப் படம் வரைந்து தீம் செய்து மாட்டுவாள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் வாரம் ஒரு வேஷம் கட்டும். ஒரு வாரம் மர அலமாரி, மறு வாரம் மீன் தொட்டி. நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நான் அடிப்பது பத்து வருஷம் நிற்கும், உன்னுடையது பத்து நாள் தாங்குமா என்று சீண்டுவேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

இந்த வெட்டி வேலையை நான் கேலி செய்ததெல்லாம் என் மனைவியின் கண்ணில் கோளாறு வரும் வரைதான்.

மனைவி ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்டரில் இருக்கிறாள். பதினெட்டு வருஷம். இரண்டு வருஷமாக வெள்ளைத் திரையைப் பார்த்தால் முகத்தில் டார்ச் அடித்த மாதிரி கூசி, எழுத்தெல்லாம் கரைந்துவிடுகிறது. கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் மட்டும் பளிச்சென்று படிப்பாள். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் கறுப்புத் திரையைப் போட்டுப் பார்த்தார்கள். பதிவுப் படிவத்தில் பாதிப் பெட்டிகள் காணாமல் போயின. புதிதாக வந்த மேலாளர் கெட்டவர் இல்லை, கறாரானவர். அரை மணி நேரத்தில் பத்து நோயாளிகளைப் பிழையில்லாமல் பதிந்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் கீழ்த்தளத்தில் பழைய கோப்பு அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, மூன்று வாரம் தவணை கொடுத்தார். சம்பளம் குறையாதாம்.

"சம்பளத்த வெச்சு என்னங்க பண்றது? அந்த ரூமுக்கு மனுஷங்களே வரமாட்டாங்க" என்றாள் மனைவி. கவுண்டரில் வந்து நிற்கிறவர்களிடம் பேசிக்கொண்டே தட்டச்சு செய்கிறவள் அவள்.

மறுநாள் புள்ளி ஸ்டுடியோவிலிருந்து நேராக வந்து, அக்காவுக்கென்றே ஒரு தீம் போடப் போவதாக அறிவித்துவிட்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அனுமதியும், வீட்டில் பழகிப் பார்க்க ஒரு மாதிரிப் படிவமும் வாங்கிவைத்திருந்தாள்.

இந்த வேலையில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. பட்டன் உருண்டையாக இருந்தாலும் படம் சதுரம். மூலையில் மிஞ்சும் இடம் தெரியக் கூடாது. அதனால் அங்கே கண்ணைப் பறிக்கும் ஒரு பிங்க் நிறத்தை நிரப்பிவிடுவார்கள். அந்த நிறத்தைக் கண்டால் மெஷின் வரையாமல் விட்டுவிடும், அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஜன்னல் ஓரத்தில் நான் டேப் ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிப்பது போலத்தான்.

முதல் தீம் அழகாக வந்தது. கறுப்புப் பட்டை, அதில் கொட்டை மஞ்சள் எழுத்து, மஞ்சள் ஓரம் போட்ட பெரிய பெரிய பட்டன். படிவத்துக்கும் அதே நிறம், ஒரு பெட்டியும் காணாமல் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் மெல்லிய பிங்க் வளையம். நமக்கு அது ஒரு அசிங்கம், அவ்வளவுதான். என் மனைவியின் கண்ணுக்கு அந்த வளையங்கள் ஒன்றோடொன்று கலந்து இரண்டு பட்டன் ஒரே பட்டனாகத் தெரிந்தது. விண்டோவைச் சுருக்கப் போய் மூடித் தொலைத்தாள். பதிந்ததெல்லாம் போயிற்று.

புள்ளி நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் திரையைப் பார்த்தபடியே தன் வலது கையை இடது கையால் பட்டென்று அடித்தாள். திருடன் அந்தக் கைதான். ஸ்டுடியோப் பழக்கத்தில், கேட்காமலேயே எல்லா ஓரத்தையும் குழைத்துவிட்டிருந்தது. குழைத்த இடத்தில் மஞ்சளும் பிங்கும் கலந்து ஒரு மூன்றாம் நிறம் ஆகியிருந்தது. அது அசல் பிங்க் இல்லையே, மெஷின் அதைத் தெரியும்படி வரைந்துவிட்டது. முப்பத்து நான்கு படங்களையும் கத்தரித்த மாதிரி கூரான ஓரத்தோடு மறுபடி செய்தாள். அவள் தொழிலில் அது மானக்கேடு. ஆனாலும் செய்தாள். வளையம் போய்விட்டது. வீட்டில் மனைவி இருபத்தாறு நிமிஷத்தில் பத்துப் பேரைப் பதிந்தாள். நான் துள்ளிக் குதித்ததில் நாற்காலி சாய்ந்தது.

சோதனை நாள் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேலாளர் வருவார். ஒரு மணிக்குக் கம்ப்யூட்டர்காரர் தீமை ஏற்றி, மாற்றி ஏற்றுவது எப்படி என்றும் புள்ளிக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நானும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூட இருந்தேன்.

மனைவி உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள். "என்னங்க, எழுத்தக் காணோம்" என்றாள்.

கறுப்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பே இல்லை. திரையின் பின்படமாக இருந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர் அந்த வழியாகப் பல்லை இளித்தது. வெள்ளையில் மஞ்சள் எழுத்தும் பட்டனும் எங்கே தெரியும்? அந்தப் படத்தை மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

புள்ளி விண்டோவை இழுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். இப்போது பட்டைக்குள் அடியில் இருந்த விண்டோவின் எழுத்துகள் தெரிந்தன. உடனே அவள் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்து ஒரு அறை விடலாமா என்று இருந்தது.

"மாமா, நான் பூசினது கறுப்பே இல்ல. ஓட்டை."

மெஷின் நிறத்தை மூன்று எண்களாகப் பார்க்கிறதாம். மூன்றும் பூஜ்யம் என்றால் சுத்தக் கறுப்பு. தலைப்பட்டையில் அப்படிப்பட்ட சுத்தக் கறுப்பையும் இங்கே ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியாக்கிவிடுகிறது. அப்படியானால் வீட்டில் ஏன் தெரியவில்லை? அக்காவின் கண் கூசக் கூடாது என்று வீட்டில் பின்படத்தையும் இவளே கறுப்பாக்கிவைத்திருந்தாள். ஓட்டைக்குப் பின்னாலும் கறுப்பு. இத்தனை நாளும் நாங்கள் ஓட்டையைப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தோம்.

மணி ஒன்றேகால். அங்கே இருந்தது படம் வரையும் சாதாரண பெயிண்ட் புரோகிராம் மட்டும். புள்ளி அதைத் திறந்து, மூன்று பூஜ்யத்துக்கும் பதிலாக மூன்று ஒன்று போட்டு ஒரு புதுக் கறுப்பு உண்டாக்கினாள். நிறம் ஊற்றும் வாளிப் படத்தை எடுத்துப் பட்டையில் ஒரு தட்டு. ஓரம் கூராக இருந்ததால் ஒரே தட்டில் கறுப்பு முழுக்க மாறியது, ஒரு புள்ளி சிந்தவில்லை. பழைய மாதிரி குழைத்திருந்தால் ஒவ்வொரு ஓரத்திலும் அரை மணி போயிருக்கும். அது புரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. நான் ஒவ்வொரு படத்தின் பெயரையும் அவள் எழுதிவைத்திருந்த தாளில் பார்த்து வாசிக்க, அவள் திறக்க, தட்ட, சேமிக்க, நான் அந்தப் பெயரைப் பேனாவால் அடிக்க. பதினேழு. இருபத்து மூன்று. மணி ஒன்று நாற்பது. என் வாழ்க்கையில் எந்தச் சுவரையும் நான் இவ்வளவு வேகமாக முடித்ததில்லை. முப்பத்து நான்கையும் முடித்துத் தீமை ஏற்றியபோது இரண்டுக்கு ஆறு நிமிஷம்.

பட்டை கறுத்தது. மஞ்சள் எழுத்து எழுந்து நின்றது.

மனைவி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, முன்பு வீட்டில் பார்த்த கறுப்புக்கும் இதற்கும் தனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றாள்.

"யாருக்கும் தெரியாதுக்கா. அதுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள் புள்ளி.

மேலாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே. மனைவி முதல் ஆளிடம் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், முழங்கால் வலி எத்தனை நாளாக என்றும் கேட்டாள். அது படிவத்திலேயே கிடையாது. அவள் சுருக்கும் பட்டனைத் தொடும்போதெல்லாம் புள்ளி என் கையைக் கிள்ளினாள். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது ஆள் தன் முகவரியை மறந்து தொலைத்தார். பத்தாவது ஆளின் சீட்டு வெளியே வந்தபோது இருபத்தெட்டு நிமிஷம்.

மேலாளர் பத்துச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிழை இல்லை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே எழுந்தார்.

"போதும்மா. நீங்க இங்கயே இருங்க."

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் மூணு பேர் நிக்கிறாங்க சார், முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பெயர் கேட்டாள்.