பத்தாவது படங்கு

டொரொண்டோவில் ஒரு கண்காட்சியின் தொடக்க மாலையில் எல்லோரும் படைப்புகளுக்கு முதுகைக் காட்டியே நிற்பார்கள். கையில் வைன் கிண்ணம், ஓயாத பேச்சு. பதினொரு வருடங்களாக இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுக்குக் கலை விமர்சனம் எழுதுகிறேன். இன்னும் இது பழகவில்லை. அன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் அகப்பட்டுக்கொண்டேன்.

கலைஞர் ஜெயராணி இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்தார். பத்துப் படங்குகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். பனியில் நனைந்த தேயிலைச் செடி உடுப்பை ஈரமாக்காதிருக்க, கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்கு அது. ஒன்பதில் கயிறு ஒரே மட்டத்தில் இருந்தது. பத்தாவதில் மட்டும் ஒரு சாண் மேலே, தளர்வாக. கிட்டப் போய் முடிச்சைப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?" என்றார் ஜெயராணி பின்னாலிருந்து.

"நான் கண்டி."

"கண்டி டவுன்காரங்க படங்கு முடிச்ச இப்படி மோந்து பாக்க மாட்டாங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

நோர்வூட் தோட்டத்தில் தங்கச்சி வயிற்றிலிருந்தபோது, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகுமுன் அம்மா எங்கள் லயத்து அறை வாசலில் நின்று கயிற்றை வயிற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டுவார். எனக்கு ஏழு வயது. முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுவது என் வேலை. பிறகு கொழும்பில் அறை தேடியபோது, ஊர் எது என்று கேட்ட வீட்டுக்காரரிடம், தோட்டம் என்றால் அறை தரமாட்டார் என்று பயந்து, முதன்முதலாகக் கண்டி என்றேன். கடல் கடந்தும் அதையே சொல்லிவந்தேன்.

தெரிந்ததை எழுதினால் எப்படித் தெரியும் என்பதையும் எழுதவேண்டும். எனவே இப்படி எழுதினேன்: "பத்தாவது, வரிசையைக் குலைக்கிறது. தொங்கவிட்டதில் நேர்ந்த கவனக்குறைவாக இருக்கலாம்."

இரண்டு வாரங்களில் ஓர் அருங்காட்சியகம் முதல் ஒன்பதை மட்டும் வாங்கியது. என் வரியைக் காட்டித்தான் பத்தாவதை ஒதுக்கினார்களாம். ஜெயராணி தொலைபேசியில் சொன்னார்.

"வெள்ளக்காரங்க எழுதியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன் அண்ணே. அது எங்கம்மாவோடது. நான் வயித்துல இருந்தப்ப கட்டுனது. நீங்க பாத்த பார்வைக்கு, ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"மன்னிச்சுக்குங்க. தெரியாமப் போச்சு" என்றேன். அப்போதும் பொய்தான் சொன்னேன்.

மறுநாள் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். கர்ப்பிணிகள் அப்படித்தான் கட்டுவார்கள், என் அம்மாவுக்கு நானே முடிச்சுப் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். அவர் அழைத்து, அம்மா அங்கே ஆய்வுக்காகப் போயிருந்தாரா என்று பரிவோடு கேட்டார். இல்லை, கொழுந்து பறித்தார் என்றேன். இதை அச்சிடத்தான் வேண்டுமா என்று பிறகு கேட்டார். வேண்டும் என்றேன்.

திருத்தம் வெளிவந்தது. அதற்குள் அருங்காட்சியகத்தில் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. பத்தாவதைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு ஜெயராணி ஊர் திரும்பிவிட்டார். திருத்தத்தை அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

இப்போது அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில் ஒன்பதும் தொங்குகின்றன. ஒன்பதாவதற்கு அப்பால் வெள்ளைச் சுவர். அதன் எதிரே நான் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் நான் எதைப் பார்க்கிறேன் என்று எட்டிப் பார்க்கிறார். வெறும் சுவர் என்று கண்டதும் நகர்ந்துவிடுகிறார்.