ஊற்றுத் தோண்டிய இடம்

எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வழியைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி. திருச்சுழி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தால் ஒரு வடையாவது கிடைக்கும். அவளோ குண்டாற்றுக் கரையைப் பிடித்தாள். வீட்டிலிருந்து கரையோடு போய், பழைய மணல் குவாரிப் பள்ளங்களைச் சுற்றி, வறண்ட ஆற்றைக் கடந்து, மறுகரையில் திரும்பிப் பாலம் ஏறினால் மறுபடி வீடு.

அந்தக் குவாரியில் டிப்பர் லாரி ஓட்டியவன் நான். அள்ளி முடித்துப் பல வருஷமாகிறது. மணல் போன இடத்தில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, பள்ளமெல்லாம் சீமைக்கருவேலம். எங்கள் வீட்டுச் சுவரில் பூசியிருப்பதும் அந்த மணல்தான். ஊரில் யார் வீட்டில் இல்லை என்று கேட்டு அவள் வாயை அடைக்கப் பார்ப்பேன். அவள் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவள் பிறந்தது ஆற்றோர ஊர். கோடையில் ஆற்று மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடம் நிறைத்து வளர்ந்தவள். அந்த ஊற்றை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வழியில் கொஞ்சம் மணல் தெரிந்தால் போதும், உட்கார்ந்து தோண்டுவாள். ஒரு சாண் போனதும் களிமண் தட்டும். கையைத் துடைத்துக்கொண்டு நடப்பாள்.

மணல் எங்கே மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆற்று வளைவில் ஓரிடத்தில் என் லாரி அச்சு வரைக்கும் புதைந்து, ஒரு நாள் முழுக்க இழுத்தோம். அதன்பிறகு அந்தத் துண்டை யாரும் தொடவில்லை. அதைக் காட்டினால், மற்ற இடமெல்லாம் எவ்வளவு அள்ளினேன் என்பதையும் காட்டியதாகிவிடும். அந்த வெட்கத்தில் வாயைத் திறக்காமலே கூட நடந்தேன்.

போன ஐப்பசி மழைத் தண்ணீர் ஓடி வடிந்து சில வாரம் கழித்து ஒரு காலை, காய்ந்த களிமண் கீறி அவள் விரலில் ரத்தம் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வளைவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

“இங்கன தோண்டு.”

தோண்டினாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசிந்தது. நான் அவசரமாகக் கையை விட்டேன். தட்டிவிட்டாள்.

“மொதத் தண்ணி கலங்கலு. எறச்சு ஊத்திட்டுக் காத்திருக்கணும்.”

மூன்று தடவை இறைத்து ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

“இந்த எடம் ஒங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?”

“தெரியும்.”

தெளிந்ததும் இரண்டு கையாலும் அள்ளி என் முன் நீட்டினாள். குடிக்கக் கூசியது.

“குடிங்க. குடிச்சிட்டு, இன்னைக்காச்சும் ஆத்துலருந்து வெறுங்கையோட வாங்க.”