நான் நீக்கிய நன்றி வரி

மதுராந்தகம் ஏரி நீரைப் பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையை ஓர் இதழ் மூன்று முறை திருப்பி அனுப்பியது. பெயர் தெரியாத மதிப்பாய்வாளர் ஒருவர் கோடைக்கால நீர் மாதிரிகள் எங்கே என்று விடாமல் கேட்டிருந்தார்.

தினமும் காலை ரயிலில் செங்கல்பட்டு வரும்வரை அந்த ஆளைத் திட்டித் தீர்ப்பேன். கூடவே வரும் முரளி கேட்டுக்கொண்டிருப்பான். வேறொரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர், என் நண்பன்.

"ஏரியையே பாத்திருக்க மாட்டான் மச்சான். ஏசி ரூம்ல குந்திக்கினு எழுதறான்."

"கேட்டதைச் செஞ்சுதான் பாரேன்டா."

மே மாத வெயிலில் ஏரியில் இறங்கி மாதிரிகள் எடுத்தேன். என் ஆய்வு முடிவே மாறிவிட்டது. கட்டுரை வெளியானது. ஆனால் மதிப்பாய்வாளருக்கு வழக்கமாகச் சொல்லும் நன்றி வரியை வீம்புக்கு நீக்கிவிட்டு, அதை முரளியிடம் பெருமையாகக் காட்டினேன்.

போன மாதம் மாமல்லபுரத்தில் அந்த இதழ் தன் மதிப்பாய்வாளர்களுக்குப் பாராட்டு விழா நடத்தியது. நாங்கள் இருவரும் போயிருந்தோம். "ஏரிக் கட்டுரையை மூன்று முறை திருத்த வைத்தவர்" என்று இதழாசிரியர் ரகசியம் காக்க மறந்து சிரித்தபடி அழைத்தார். என் பக்கத்து நாற்காலியிலிருந்து முரளி எழுந்து போனான்.

அரங்கம் கைதட்டியது. என் கைகள் மடியிலேயே கிடந்தன.

"ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"சொல்லக் கூடாதுடா, அதான் ரூல்ஸு. வுடு மச்சான்."

கட்டுரை வெளியான அன்று ரயிலில், நான் நீக்கிய வரியைப் பற்றிப் பெருமையடித்தபோது அவன் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கோடைக்கால அட்டவணையைத் தேடிப் புரட்டி, "நல்லா வந்துகீதுடா" என்றான். அப்போது அதையும் எனக்கான பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.