ஏழரை நம்பர் ரவை

தோட்டா விற்கிற கவுன்ட்டரில் சரக்குக்கு முன்னால் விற்கிறவள் முகத்தைத்தான் எடை போடுவார்கள். கடையில் நின்று நின்று கால் வீங்கினவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளில் அமெரிக்காவில், இர்விங் என்கிற ஊரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஷூ பிரிவில் நாள் முழுக்க மண்டிபோட்டு அடுத்தவர் காலுக்கு லேஸ் கட்டிக் கட்டி அலுத்துப்போய், மேனேஜர் ராயிடம் தோட்டா கவுன்ட்டரைக் கேட்டேன். பொட்டு வைத்துக்கொண்டு, முட்டைகூடத் தின்னாத நீயா அங்கே என்று சிரித்தார். பிறகு, புறா வேட்டை சீசன் வரைக்கும் பார்க்கலாம், ஒரு புகார் வந்தாலும் திரும்ப ஷூதான் என்றார். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஏப்ரனை மாற்றிக்கொண்டேன்.

நூல் கணக்கு

வேலை சொல்லிக்கொடுக்க வந்தவன் டேல், அதே கவுன்ட்டர்காரன். தோட்டாவுக்குள் இருக்கிற குட்டி ஈயக் குண்டுகளான ரவை, நம்பர் ஏற ஏறப் பொடிசாகும், இறங்க இறங்கப் பெரிசாகும், இது மண்டையில் ஏறவே புதுசாக வருகிறவர்களுக்கு ஒரு சீசன் ஆகும் என்று பயமுறுத்தினான். அட, இது ஒரு விஷயமா! எங்கள் திருப்பூரில் நூலும் இப்படித்தான். நாற்பதாம் நம்பரைவிட அறுபதாம் நம்பர் மெல்லிசு. கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் நூல் கொள்முதல் பார்த்தவள் நான்.

புறாவுக்கும் காடைக்கும் ஏழரை, எட்டு. ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிக்கு ஐந்து, ஆறு. வாத்துக்கு ஈயம் சட்டப்படி கூடாது, ஸ்டீல்தான். ஸ்டீல் எடை குறைச்சல் என்பதால் ரெண்டு நம்பர் பெரிசாக எடுக்கவேண்டும். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். டேல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"உங்க ஊர்ல அப்படி எதைத்தான் சுடுவீங்க?"

சனி நம்பர்

பக்கத்து ஊர் காப்பெல்லிலிருந்து நம்ம ஆள் ஒருத்தர் வந்தார், சாஃப்ட்வேர். அவருடைய கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போடவேண்டிய பாஸ் புறா வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். லைசன்ஸ் எடுத்தாச்சு, துப்பாக்கி பாஸ் தருவார், தோட்டா மட்டும் இவர் கொண்டுபோக வேண்டும். ஏழரை நம்பர் பெட்டியை எடுத்து வைத்தேன். மனுஷன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம்! எட்டு எடுத்து வைத்தால் அதுவும் சனி நம்பராம். நாலு கொடுங்கள், பெரிய ரவையாக இருந்தால் ஒன்று பட்டாலே விழுந்துவிடுமே என்றார்.

நாலில் ரவை எண்ணிக்கை குறைச்சல், புறா இடுக்கில் புகுந்து போய்விடும், பாஸ் முன்னால் மானம் போகும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். ஆள் அசையவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது, ராய் எட்டிப் பார்க்கிறார், எனக்கோ ஷூ டப்பாக்கள் கண்ணுக்குள் வந்து போகின்றன. ரவை உங்களை விட்டுப் புறா பக்கம்தானுங்களே போகுது, கூடவே சனியும் போகட்டுமே என்றேன். பின்னால் கட்டின கையை முன்னால் கொண்டுவந்தார்.

"அப்ப சனி புறாவுக்கா? ரெண்டு பாக்ஸ் குடுங்க மேடம்."

ஆன்ட்டியின் கவலை

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக் விருந்து ஒன்றில் கோபிச்செட்டிபாளையத்து ஆன்ட்டி ஒருத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். கறி திங்காத புள்ளைக்கு இந்த வேலை எதுக்கு, சாகிற உசுரு பாவமெல்லாம் உன் தலையிலதான் என்று எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறாரே! பாத்திரம் கழுவப் போன இடத்துக்கும் பின்னாலேயே வந்தார்.

"ஏங்கண்ணு, அந்தக் கடையில வேற வேலை ஏதாச்சும் காலி இருக்குதா?"

மஞ்சள் தோட்டா

சீசனுக்கு முந்தின நாள். தாடிக்காரக் கிழவர் ஒருவர், பழைய வாடிக்கை, என்னைத் தாண்டிப் போய் டேலிடம் மட்டுமே வாங்குகிறவர். அன்று டேல் சாப்பிடப் போயிருந்தான். அவருக்குப் பன்னிரண்டு கேஜ், அவர் மனைவிக்கு இருபது கேஜ் கேட்டார். கேஜ் என்றால் துப்பாக்கிக் குழாயின் அளவு, அதிலும் நம்பர் ஏறினால் மெல்லிசு. பெட்டியை உடைத்து ரெண்டையும் தன் வேட்டைக் கோட்டின் ஒரே பையில் கொட்டச் சொன்னார். மஞ்சளாக இருக்கிற இருபது கேஜ் தோட்டா மெல்லிசு. தவறிப் பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியில் போட்டால் வழுக்கிப்போய்க் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழாய் வெடிக்கும், கை போகும்.

தனித்தனிப் பையில் போட்டால்தான் பில் போடுவேன் என்று பெட்டிமேல் கையை வைத்துவிட்டேன். நீ பிறக்குமுன்னே நான் சுட ஆரம்பித்தவன் என்று கத்திவிட்டு நேரே ராயிடம் போனார். ராய் வந்து, கேட்டபடி கொடுத்துவிடு என்றார். மாட்டேன், வேணுமானால் இப்போதே ஷூவுக்குப் போகிறேன் என்றேன். பெட்டிமேலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் கிழவர் முணுமுணுத்துக்கொண்டே தனித்தனியாக வாங்கிப் போனார். நாளைக்குப் பேசலாம் என்றார் ராய். நான் வீட்டுக்குப் போய் ஷூ பிரிவு ஏப்ரனைத் துவைத்துப் போட்டேன்.

மறுநாள் மத்தியானம், வேட்டை முடிந்த கையோடு, பூட்ஸ் முழுக்கச் சேறோடு அவர் மனைவி வந்தார். ராயைக் கூப்பிட்டு, என்னைக் கையால் காட்டினார்.

"இவ தனித்தனியா போடச் சொன்னான்னு அவர் வீட்டுல வந்து திட்டினார், அதைக் கேட்டு காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அவர் கோட்டுப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், போன வருஷத்து மஞ்சள் ஒண்ணு அடியில கிடந்தது. அவருக்கு வந்து சொல்ல வெட்கம், அதனால நான் சொல்றேன், இவளை இங்கேருந்து நகர்த்தாதீங்க."

அப்புறம் எத்தனையோ சீசன் அந்தக் கவுன்ட்டரிலேயே நின்றும் ஒரு புறா விழுந்து நான் பார்த்ததில்லை, தினம் பார்க்கிறவர்கள்தான் எந்த ரவை எடுக்கலாம் என்று என்னிடம் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.